உள்ளே விட்டுவிட்டு வெளியே நிறுத்திய செயலி

எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் கட்டமைப்பில் எழுதிய இணையச் செயலி என் கணினியில் ஒழுங்காக ஓடியது. கிளவுடில் ஏற்றியதும், சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் மறுபடி உள்நுழைவுப் பக்கமே வந்தது. பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை.

தரவுத்தளத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன். இணைப்பு முகவரியை மாற்றினேன், ரகசியச் சாவியைப் புதுப்பித்தேன். இரண்டு நாள் வீண்.

மூன்றாம் நாள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், யார் உள்நுழைந்தார் என்று குறித்துவைக்கும் செஷன் அட்டவணையைத் திறந்தேன். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது வரிசை, அதில் என் பயனர் எண்! சர்வர் என்னை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பிரவுசருக்குப் போன பதிலில், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கியைச் சேமிக்கச் சொல்லும் ‘செட்-குக்கி’ வரியே இல்லை.

காரணம் இதுதான்: பாதுகாப்பான ஹெச்.டி.டி.பி.எஸ். இணைப்பு, செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் பிராக்ஸி சர்வரோடு முடிந்துவிடுகிறது. செயலிக்கு வருவது குறியாக்கம் இல்லாத வெறும் ஹெச்.டி.டி.பி. குக்கியில் ‘செக்யூர்’, அதாவது பாதுகாப்பான இணைப்பில் மட்டும் அனுப்பு, என்று நான் போட்டிருந்ததால், பாதுகாப்பற்ற இணைப்பு என்று எண்ணி செஷன் நூலகம் குக்கியை அனுப்பாமல் விட்டுவிட்டது. அதை ஒரு வரி எச்சரிக்கையாகவாவது சொல்லியிருக்கலாம்.

‘செக்யூர்’ அமைப்பை நீக்கினாலும் வேலை செய்யும்; அது கதவைக் கழற்றி வைப்பது போல. அதற்குப் பதில், வெளி இணைப்பு ஹெச்.டி.டி.பி.எஸ்.தான் என்று பிராக்ஸி சொல்வதை எக்ஸ்பிரஸ் நம்பும்படி, செஷன் அமைப்புக்கு மேலே ‘டிரஸ்ட் பிராக்ஸி’ மதிப்பை 1 என்று வைத்தேன். முன்னால் ஒரே ஒரு பிராக்ஸி இருந்ததால் 1. அடுத்த முயற்சியிலேயே முகப்புப் பக்கம் திறந்தது.