விடைப் பக்கத்தைத் திறக்கும் முன்: புள்ளியியல், அடக்கவிலைக் கணக்குகளை நாமே சரிபார்க்கும் வழி

புத்தகத்தின் கடைசியில் விடை அச்சாகியிருக்கும் வரை எல்லாருக்கும் தைரியம் இருக்கிறது. தேர்வு அறையில் அந்தப் பக்கம் கிடையாது. அதனால் முதல் வகுப்பிலேயே என் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன்: விடை கண்டுபிடிப்பது பாதிக் கணக்கு, அது சரிதான் என்று யாரையும் கேட்காமல் காட்டுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை எழுதாத நோட்டை நான் திருத்துவதில்லை.

கோவில்பட்டியில் மாலை வேளைகளில் பி.காம். மாணவர்களுக்கு இந்த இரண்டு பாடங்களையும் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் கடையிலோ தீப்பெட்டி ஆலையிலோ வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்களில் பலர். சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, அதற்குள் போடக்கூடாத எண்ணைப் போட்டு இழப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பேனாவை எடுப்பதற்கு முன்

வினாவின் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மேலேயிருந்து படித்தால், எந்த எண் தேவை, எந்த எண் சும்மா நிற்கிறது என்பது தானாகத் தெரியும். பிறகு ஒவ்வொரு எண்ணையும் அதன் அலகோடு இடப்பக்கம் எழுதுங்கள். 300 என்று மட்டும் எழுதாதீர்கள். "ஒரு கொள்முதல் ஆணைக்கு 300 ரூபாய்" என்று முழுதாக எழுதுங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும். ஒரு கணக்கில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஒரு மிட்டாய்த் தயாரிப்பாளருக்கு மாதம் 1,000 கிலோ வெல்லம் தேவை. ஓர் ஆணைக்கான செலவு 300 ரூபாய். ஒரு கிலோவை ஓர் ஆண்டு கிடங்கில் வைத்திருக்க 5 ரூபாய். சிக்கனக் கொள்முதல் அளவு, அதாவது மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்படி ஒரு தடவை வாங்க வேண்டிய அளவு, எவ்வளவு? 2, தேவை, ஆணைச் செலவு மூன்றையும் பெருக்கி, வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அமெரிக்கரான ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்ட சூத்திரம் இது. இன்றும் அப்படியே பாடத்தில் இருக்கிறது. தேவைக்கு 1,000 என்று போட்டால் ஏறத்தாழ 346 கிலோ என்று வரும். பார்ப்பதற்கு நல்ல விடை போலத்தான் இருக்கும். ஆனால் அலகை எழுதியவர் கண்ணில், தேவை மாதத்துக்கு, வைப்புச் செலவு ஆண்டுக்கு என்பது உடனே படும். தேவையை 12,000 ஆக்கினால் விடை 1,200 கிலோ.

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். ஆண்டுக்கு 10 ஆணைகள், ஆணைச் செலவு 3,000 ரூபாய். சராசரி இருப்பு 600 கிலோ, வைப்புச் செலவு 3,000 ரூபாய். இரண்டும் சமமாக வந்தால் விடை சரி. அந்தச் சூத்திரத்தின் இயல்பே அது. 346ஐப் போட்டுப் பாருங்கள், ஆணைச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும், வைப்புச் செலவு ஆயிரத்தைக்கூட எட்டாது. பாடநூல்கள் இந்தச் சோதனைக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

செயல்முறைக் கணக்கு: முதலில் கிலோ, பிறகு ரூபாய்

அடக்கவிலைக் கணக்கியலில் பிள்ளைகள் மிரளும் இடம், தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகச் செலவு எழுதும் செயல்முறைக் கணக்கு. மிரளத் தேவையில்லை. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் தொழிலிலிருந்தே ஒரு கணக்கு அமைக்கிறேன். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை.

முதல் செயல்முறை கடலையை வறுத்துத் தோல் நீக்குவது. 1,000 கிலோ, கிலோ 110 ரூபாய் வீதம் 1,10,000. கூலி 15,000. மேற்செலவு 10,500. இயல்பான நட்டம் 10 சதவீதம். அந்தக் கழிவு கிலோ 5 ரூபாய்க்கு விற்கும். கிடைத்த பருப்பு 880 கிலோ. செயல்முறைக் கணக்கைத் தயாரிக்க வேண்டும்.

ரூபாய்ப் பத்தியை முதலில் தொடவே கூடாது. கிலோப் பத்தியை மட்டும் நிரப்புங்கள். உள்ளே போனது 1,000. இயல்பாகக் கழிய வேண்டியது 100. ஆக வர வேண்டியது 900. வந்தது 880. மீதி 20 கிலோ அசாதாரண நட்டம். 880, 100, 20 மூன்றையும் கூட்டுங்கள்: 1,000. இரண்டு பக்கமும் சமன் ஆனால் மட்டுமே அடுத்த அடி.

இப்போது ரூபாய். மொத்தச் செலவு 1,35,500. இதிலிருந்து இயல்பான கழிவு விற்ற 500 ரூபாயைக் கழித்தால் 1,35,000. எதால் வகுப்பது? இந்த ஒரு கேள்வியில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. கையில் இருப்பது 880 கிலோ என்பதால் 880ஆல் வகுக்கத் தோன்றும். அப்படி வகுத்தால், தவறிப்போன 20 கிலோவின் செலவையும் நல்ல பருப்பின் தலையில் ஏற்றுகிறோம். யாரோ கடலையைக் கருக்கிவிட்டதற்கு மிட்டாயின் அடக்கவிலை ஏறுவது நியாயமா? இயல்பான நட்டம் தொழிலோடு பிறந்தது, அதை நல்ல சரக்கு சுமக்க வேண்டும். அசாதாரண நட்டம் கவனக்குறைவாலோ விபத்தாலோ வந்தது, அதை இலாப நட்டக் கணக்கு சுமக்க வேண்டும். ஆகவே வர வேண்டிய 900 கிலோவால் வகுக்கிறோம்: கிலோ 150 ரூபாய்.

பருப்பு 880 கிலோ, 1,32,000 ரூபாய். அசாதாரண நட்டம் 20 கிலோ, 3,000 ரூபாய். இயல்பான நட்டம் 100 கிலோ, 500 ரூபாய். கூட்டினால் 1,35,500, செலவுப் பக்கத்தோடு பொருந்திவிட்டது. அந்த 20 கிலோவும் கழிவு விலைக்கு 100 ரூபாய் தரும். ஆகவே இலாப நட்டக் கணக்குக்குப் போவது 2,900 ரூபாய். இந்தக் கடைசி 100 ரூபாயைக் கழிக்காமல் விடுவதால் மட்டும் எத்தனையோ பேர் மதிப்பெண் இழந்திருக்கிறார்கள்.

அதே கணக்கில் 915 கிலோ வந்திருந்தால்? இப்போது 15 கிலோ அசாதாரண ஆதாயம். வீதம் மாறாது, அதே 150 ரூபாய். ஆதாயத்தின் 2,250 ரூபாய் பற்றுப் பக்கம் ஏறும். இரு பக்கமும் 1,37,750 வரும், கிலோப் பத்தியில் இரு பக்கமும் 1,015 வரும். கழிவு உண்மையில் 85 கிலோதான் என்பதால், 15 கிலோவுக்கான 75 ரூபாய் கைக்கு வரவில்லை. அதை ஆதாயத்திலிருந்து கழித்து 2,175 ரூபாயை இலாபத்துக்குக் கொண்டுபோங்கள். நட்டத்தையும் ஆதாயத்தையும் இப்படி ஒரே கணக்கில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். தனித்தனிக் கணக்குகளாகப் போடுவதைவிட இது நன்றாக மனத்தில் தங்கும்.

திட்ட விலக்கம்: கண்ணால் ஒரு மதிப்பு, கையால் ஒரு சோதனை

புள்ளியியலில் பிள்ளைகளை ஏமாற்றுவது பிரிவு இடைவெளி. ஒரு தேர்வில் 40 மாணவர்கள் பெற்ற மதிப்பெண்கள்:

10–19: 5 பேர்
20–29: 9 பேர்
30–39: 14 பேர்
40–49: 8 பேர்
50–59: 4 பேர்

ஒரு பிரிவு 19இல் முடிகிறது, அடுத்தது 20இல் தொடங்குகிறது. இடையில் ஓர் எண் இடைவெளி இருந்தால் அது உள்ளடக்கிய பிரிவு. இடைநிலை அளவோ (வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு) முகடோ (அதிகம் பேர் பெற்ற மதிப்பு) கேட்டால் முதலில் 9.5–19.5, 19.5–29.5 என்று மாற்றி எழுதுங்கள். குவிவு நிகழ்வெண் 5, 14, 28 என்று போகிறது. 40இன் பாதியான 20ஆவது ஆள் மூன்றாவது பிரிவில் இருக்கிறார். 29.5உடன், 20இலிருந்து முந்தைய குவிவு 14 போக மீதி 6ஐ, இந்தப் பிரிவின் நிகழ்வெண் 14ஆல் வகுத்து 10ஆல் பெருக்கியதைக் கூட்டினால் 33.79. மாற்றாமல் 30 என்று தொடங்கியவருக்கு 34.29 வரும்.

கூட்டுச் சராசரிக்கு நடுப்புள்ளி 34.5ஐ வைத்துக்கொள்ளுங்கள். விலக்கங்களைப் பத்தால் சுருக்கினால் −2, −1, 0, 1, 2. நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்டினால் −3. வர்க்கத்தைப் பெருக்கிக் கூட்டினால் 53. சராசரி 33.75. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்துக்கு 53ஐ 40ஆல் வகுத்து, அதிலிருந்து 3ஐ 40ஆல் வகுத்ததன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.149; பத்தால் பெருக்க 11.49.

அந்தக் கடைசிப் பெருக்கலை மறப்பவர்கள் ஏராளம். 1.15 என்று கட்டம் கட்டி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் கணக்கைத் தொடங்கும்போதே கண்ணால் ஒரு மதிப்பு எழுதச் சொல்கிறேன். மதிப்பெண்களின் வீச்சு ஏறத்தாழ 50. நடுவில் குவிந்து இரு புறமும் சரியும் தரவில் திட்ட விலக்கம் பெரும்பாலும் வீச்சின் ஆறில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையில், அதாவது 8க்கும் 12.5க்கும் இடையில் விழும். 1.15 வந்தால் எங்கோ பத்து தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். சிறிய தரவுகளுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்த தரவுகளுக்கும் இந்த அளவுகோலை நம்ப வேண்டாம்.

இனி கையால் செய்யும் சோதனை. சுவீடன் நாட்டு வானியலாளர் சார்லியர் பெயரால் வழங்குவது. எனக்கு மிகப் பிடித்தமானது. எல்லா விலக்கங்களோடும் 1ஐக் கூட்டுங்கள்: −1, 0, 1, 2, 3. வர்க்கமாக்கி நிகழ்வெண்ணால் பெருக்குங்கள்: 5, 0, 14, 32, 36. கூட்டுத்தொகை 87. மறுபுறம், ஏற்கெனவே கண்ட 53உடன் −3இன் இருமடங்கையும் மொத்த நிகழ்வெண் 40ஐயும் சேர்த்தால், 53 − 6 + 40, அதுவும் 87. இரண்டும் ஒன்றானால் உங்கள் பெருக்கல் பத்திகளில் பிழை இல்லை என்று நம்பி மேலே போகலாம். வேறாக வந்தால் அங்கேயே நின்று தேடுங்கள். வர்க்கமூலம் எடுத்த பிறகு தேடுவது பெரும் பாடு.

கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் இரண்டு திட்ட விலக்கங்கள் இருக்கும். 8, 10, 12, 9, 11 என்ற ஐந்து எண்களுக்கு ஒன்று 1.41 காட்டும், மற்றொன்று 1.58 காட்டும். முதலாவது 5ஆல் வகுத்தது, இரண்டாவது 4ஆல். கையிலுள்ள எண்களே முழுத் தரவு என்றால் முதலாவது. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் இரண்டாவது. வினாவில் "மாதிரி" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். சிறிய மாதிரியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி தொழிற்சாலையோடு நெருங்கியது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் அதை ஆராய்ந்து, 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். இரண்டு பாடங்களையும் ஒருவரே படிப்பதில் பொருத்தம் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு அவரும் ஒரு காரணம்.

மற்றவை சுருக்கமாக

இரண்டு மாறிகள் எவ்வளவு இணைந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு −1க்கும் +1க்கும் வெளியே வந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், பிழைதான். ஒன்றைக் கொண்டு மற்றதை மதிப்பிட உதவும் தொடர்புப் போக்குக் கெழுக்கள் இரண்டுக்கும் ஒரே குறி இருக்க வேண்டும். பெருக்கினால் 1ஐத் தாண்டக் கூடாது. கண்ட சமன்பாட்டில் ஒரு சராசரியைப் போட்டால் மற்றச் சராசரி வர வேண்டும்.

இலாபமும் நட்டமும் இல்லாத விற்பனை அளவான சமநிலைப் புள்ளி கண்டதும் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். விலை 200, மாறும் செலவு 120, நிலையான செலவு 1,80,000 என்றால் பங்களிப்பு 80, சமநிலை 2,250 அலகுகள். விற்பனை 4,50,000, மாறும் செலவு 2,70,000, நிலையானதைச் சேர்த்தால் 4,50,000. இலாபம் பூச்சியம், விடை சரி.

அடக்கவிலைத் தாளில் வருமான வரி, பங்காதாயம், நன்கொடை, சொத்து விற்ற நட்டம் ஆகியவற்றை வினாவிலேயே பென்சிலால் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். அவை உங்களைச் சோதிக்க வைத்தவை. விற்பனைச் செலவு விற்ற அலகுகளுக்கு மட்டும் உரியது. இறுதிச் சரக்கிருப்பின் மதிப்பில் அதைச் சேர்க்காதீர்கள். இலாபம் "விற்பனையில் 20 சதவீதம்" என்றால் அடக்கவிலையில் 25 சதவீதம். இதைக் கவனிக்காமல் அடக்கவிலையில் 20 சதவீதம் கூட்டுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

எல்லாம் சமன், ஆனாலும் புத்தக விடை வேறு

இப்படியும் வரும். பதறி அழிக்காதீர்கள். முதலில் தசமத்தை எந்த இடத்தில் முழுமையாக்கினீர்கள் என்று பாருங்கள். இடையில் முழுமையாக்கினால் இறுதி விடை நகரும். அடுத்து, புத்தகம் மொத்த எண்ணிக்கையால் வகுத்ததா, ஒன்று குறைத்து வகுத்ததா? உள்ளடக்கிய பிரிவை மாற்றியதா? இருப்பை முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மதிப்பிட்டதா, சராசரி விலையிலா? இந்த நான்கும் ஒத்துப்போய், உங்கள் சோதனையும் சமன் ஆகிறதென்றால் அச்சுப் பிழையாக இருக்க இடமுண்டு. பயிற்சி நூல்களில் அது அபூர்வமில்லை. உங்கள் விடையை அப்படியே வைத்து, கீழே சோதனையையும் எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மறுநாள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் முதலில் அந்தச் சோதனை வரியைத்தான் பார்ப்பார்.