டோன்சோல் கடலில் திமிங்கிலச் சுறாவைக் காணச் செல்வோருக்கு

பிலிப்பீன்ஸின் லூசோன் தீவு தென்கிழக்கே ஒடுங்கி நீளும் பகுதிக்கு பீக்கோல் என்று பெயர். அதன் கடைக்கோடியில் உள்ள சோர்சோகோன் மாகாணத்தில், ஓர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் டோன்சோல் அமைந்திருக்கிறது. அரசுக் கணக்கில் அது ஒரு முனிசிபாலிட்டி. அச்சொல்லைக் கேட்டு நம் ஊர் நகராட்சியைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். தென்னந்தோப்பும் வயலும் மீனவர் குடியிருப்புகளுமாகப் பரந்து கிடக்கும் பல ‘பராங்காய்’கள் சேர்ந்ததே அந்த முனிசிபாலிட்டி. பராங்காய் என்பது அந்நாட்டு ஆட்சியமைப்பின் மிகச் சிறிய அலகு. ‘பலாங்காய்’ என்னும் பழங்காலப் படகின் பெயரிலிருந்து வந்த சொல். கடலை நம்பி வாழும் ஓர் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

இவ்வூருக்கு வெளிநாட்டார் வருவது ஒரு மீனுக்காக. அதை ஊரார் ‘புடாண்டிங்’ என்பர். நமக்கு அது திமிங்கிலச் சுறா. பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் அது மீனினமே. உலகில் உள்ள மீன்களுள் மிகப் பெரியது. மிதவை உயிரிகளையும் சிறு இறால்களையும் வடிகட்டி உண்பதால் மனிதருக்குத் தீங்கு செய்யாதது. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் சத்துகளால் டோன்சோல் கடலில் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றைத் தேடியே சுறாக்கள் வருகின்றன. 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முக்குளிப்போர் சிலர் எடுத்த காட்சிகளால் செய்தி வெளியே பரவியது. பார்க்க வருவோருக்கு முன்பே கொல்ல வருவோர் வந்துவிடக்கூடும் என்ற அச்சம் எழ, அதே ஆண்டு மார்ச்சில் திமிங்கிலச் சுறாவையும் ஆனைத்திருக்கையையும் பிடிப்பதை நாடு முழுவதும் அரசு தடை செய்தது. அது முதல் உள்ளூர் மீனவர்களே வழிகாட்டிகளாயினர்.

புறப்படுமுன் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்துகொள்ள வேண்டும். செபு தீவின் ஒஸ்லோப் என்னும் ஊரிலும் திமிங்கிலச் சுறாவைக் காணலாம். அங்கே நாள்தோறும் காலையில் படகிலிருந்து இறாலைத் தூவி அவற்றைக் கரையோரம் வரவழைக்கிறார்கள். ஆகவே காட்சி ஏறத்தாழ உறுதி. டோன்சோலில் தீனி இடும் வழக்கம் இல்லை. சுறா தன் விருப்பப்படி வரும், வராமலும் இருக்கும். மூன்று மணி நேரம் வெயிலில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் உண்டு. அதைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று எண்ணுபவர் டோன்சோலுக்குப் போகாதிருப்பதே நல்லது. என் கருத்தில், தீனிக்குப் பழக்கிய விலங்கைப் பார்ப்பதற்கும், தன் போக்கில் செல்லும் விலங்கைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த அலைச்சலுக்கு ஈடானதே.

பருவம் நவம்பர் இறுதியில் தொடங்கி மே மாதம் வரை நீளும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுப்பது உசிதம். ‘அமிஹான்’ என்று அவர்கள் அழைக்கும் வடகிழக்குக் காற்று மார்ச்சில் தணியத் தொடங்குவதால் கடலும் அமைதி கொள்ளும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாடே விடுமுறையில் ஊர் திரும்பும் நாட்கள் அவை. அறையும் கிடைக்காது, படகும் கிடைக்காது, பெரிய வெள்ளியன்று கடைகளும் பெரும்பாலும் திறந்திரா.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக மணிலா சென்று, அங்கிருந்து டராகாவில் 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட பீக்கோல் பன்னாட்டு விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானத்தில் போகலாம். சுற்றுலாவுக்குச் செல்லும் இந்தியக் குடிமக்கள் 14 நாட்கள் வரை விசா இன்றித் தங்கும் சலுகை 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பயணத்துக்கு முன் இதைத் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். டராகாவை ஒட்டியுள்ள லெகாஸ்பி நகரத்தின் வேன் நிலையத்திலிருந்து டோன்சோலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். வேனுக்குக் கால அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். பிற்பகலுக்குள் ஏறிவிடுங்கள், இருட்டிய பின் வண்டி கிடைப்பது அரிது. வேண்டிய பெசோக்களை லெகாஸ்பியிலேயே எடுத்துக்கொள்வதும் அவசியம், கிராமத்தில் ஏ.டி.எம்.மையோ அட்டையையோ நம்பியிருக்க முடியாது.

சுறாவைக் காணும் ஏற்பாடுகள் அனைத்தும் டான்காலான் பராங்காயில் உள்ள பார்வையாளர் மையத்தில் நடைபெறுகின்றன. தங்கும் விடுதிகள் பலவும் அந்தக் கரையோரத்திலேயே இருப்பதால், காலையில் நடந்தே போய்விடலாம். கூடுமானவரை விடிந்ததும் சென்று பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். படகு வாடகை ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதாலும், ஒரு படகில் ஆறு பேர் வரை ஏறலாம் என்பதாலும், தனியாக வந்தவர்கள் அங்கேயே பிறரோடு சேர்ந்துகொண்டால் செலவு பெரிதும் குறையும். பதிந்தவர்கள் விதிகளை விளக்கும் ஒரு குறும்படத்தைப் பார்த்த பிறகே படகேற அனுமதிக்கப்படுவர்.

விதிகள் சிலவே, ஆனால் விட்டுக்கொடுப்பில்லாதவை. சுறாவைத் தொடக்கூடாது. உடலிலிருந்து மூன்று மீட்டரும் வாலிலிருந்து நான்கு மீட்டரும் விலகி நீந்த வேண்டும். வால் வீச்சின் வலிமையே அந்தக் கூடுதல் ஒரு மீட்டருக்குக் காரணம். அதன் வழியை மறிக்கக்கூடாது, ஒளிவிளக்கோடு படமெடுக்கக்கூடாது, காற்று உருளை கட்டிக்கொண்டு இறங்கக்கூடாது. ஒரு சுறாவின் அருகே ஒரு படகு மட்டுமே நிற்கலாம். இவற்றைக் கடைப்பிடிக்கச் செய்பவர் படகில் உடன்வரும் ‘பி.ஐ.ஓ.’ எனப்படும் வழிகாட்டி. அவர் பெரும்பாலும் அவ்வூரில் பிறந்து மீன்பிடித்து வளர்ந்தவர். கடலில் அவர் சொல்வதே சட்டம்.

படகின் பெயர் ‘பாங்கா’. ஒடுங்கிய உடலும், கவிழாதிருக்க இருபுறமும் மூங்கில் கைகளும் கொண்டது. பாய்மரம் போன்ற கம்பத்தின் உச்சியில் ஒருவர் ஏறி நின்று, பச்சை நீருக்கடியில் கருநிழல் ஏதும் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தக் காத்திருப்பில்தான் பலர் தவறு செய்கிறார்கள்: நீச்சல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துடுப்புக் காலணியை ஓரமாகப் போட்டுவிட்டு உறங்கிவிடுகிறார்கள். நிழல் தென்பட்டதும் வழிகாட்டி ‘ரெடி’ என்பார். அடுத்த சில நொடிகளில் குதித்தாக வேண்டும். ஆகவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே, காலணியை மாட்டியபடியே படகின் விளிம்பில் அமர்ந்திருங்கள். தொபுக்கென்று குதிக்காமல் சறுக்கி இறங்குங்கள். பேரோசை கேட்டால் சுறா ஆழத்துக்குப் போய்விடும்.

நீரில் இறங்கியதும் முதலில் ஒன்றும் தெரியாது. மிதவை உயிரிகள் மிகுந்த நீர் ஆதலால் சில மீட்டருக்கு அப்பால் பச்சைக் கலங்கல்தான். வழிகாட்டி உங்கள் தலையைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்புவதும் உண்டு. அப்போது அந்தக் கலங்கலின் ஒரு பகுதியில் வெண்புள்ளிகள் தோன்றும், புள்ளிகள் வரிசையாகும், பிறகுதான் அது ஒரு முதுகு என்பதும், தட்டையான அகன்ற தலை ஏற்கனவே உங்களைக் கடந்து போய்விட்டது என்பதும் புரியும். வயிற்றை ஒட்டி ஒட்டுமீன்கள் சவாரி செய்யும். மெதுவாகப் போவதுபோல் தோன்றினாலும் அதனோடு நீந்தி ஈடுகொடுப்பது கடினம். மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள், படகு வந்து ஏற்றிக்கொள்ளும். செவுளுக்குப் பின்னாலுள்ள புள்ளிக் கோலம் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறுபடும். கைரேகையைப்போல அதைக் கொண்டே ஆய்வாளர்கள் அவற்றை அடையாளம் காண்கிறார்கள். நீச்சல் சரிவரத் தெரியாதவர்கள் உயிர்காப்புச் சட்டையோடு இறங்கலாம் என்றாலும், மூச்சுக்குழாயோடு முகம் கவிழ்த்து மிதக்கும் பழக்கத்தை ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டு செல்வது நலம்.

அண்டையூரான பிலாரில் 2009 மார்ச்சில், வாலில் கயிறு கட்டிக் கரையோர முளையில் பிணைக்கப்பட்டிருந்த ஒரு திமிங்கிலச் சுறாக் குட்டியைக் கண்டெடுத்துக் கடலில் விட்டார்கள். அதன் நீளம் ஒரு முழம்தான். பேருருவங்களைத் தேடி வந்த ஆய்வாளர்களுக்கு அப்போது அறியப்பட்ட மிகச் சிறியது இப்படி அகப்பட்டது.

ஊராரோடு பழகுவதில் பெரிய சிக்கல் ஏதுமில்லை. ஆங்கிலம் பலருக்கும் புரியும். இருப்பினும் அவர்கள் பேசும் பீக்கோல் மொழியில் இரண்டு சொற்களேனும் தெரிந்திருந்தால் முகம் மலர்கிறது. வயதில் மூத்த ஆணை ‘மானோய்’ என்றும் பெண்ணை ‘மானாய்’ என்றும் அழைக்க வேண்டும். நம் அண்ணன், அக்காள் போலத்தான். நன்றி சொல்ல ‘தியோஸ் மாபாலோஸ்’. இறைவன் உனக்குத் திருப்பித் தரட்டும் என்பது அதன் பொருள். பயணம் முடிந்ததும் படகோட்டிக்கும் கம்பத்தில் நின்றவருக்கும் வழிகாட்டிக்கும் சிறு அன்பளிப்பு கொடுப்பது முறை. சுறா தென்படாத நாளில் அதைக் கொடுக்காமல் நழுவுவது அழகன்று. அன்று அவர்கள் தேடிய நேரம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

உணவில் நமக்கு அந்நியம் குறைவு. பீக்கோல் சமையல் தேங்காய்ப்பாலும் மிளகாயும் கலந்தது. சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வற்றவைத்துச் செய்யும் ‘லாயிங்’ நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சைவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலைதானே என்று எண்ணிவிடலாகாது, அதில் கருவாட்டுப் பொடியோ பன்றி இறைச்சியோ சேர்ப்பது வழக்கம்.

குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள். முதல் காலை பொய்த்தால் மறுநாள் மீண்டும் கடலுக்குப் போகலாம். இடைப்பட்ட இரவில் ஓகோட் ஆற்றில் மின்மினிப் பூச்சிகளைக் காணப் படகில் அழைத்துச் செல்வார்கள். ஆற்றோர மரங்களில் அவை கூட்டமாக அமர்ந்து மின்னும். நிலவில்லா இரவாயின் நன்றாகத் தெரியும். கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும்வரை பேசாமல் இருக்க வேண்டும். கொசு உண்டு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.