பூட்டிக் கிடக்கும் பழைய கட்டிடத்தில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரின் மையத்தில், பழைய கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் பலருக்கும் ஒரே ஆசைதான் வரும். இதை எடுத்துச் சீர்செய்து, கீழே கடை, மேலே வீடோ அலுவலகமோ வைத்தால் எப்படி இருக்கும்! ஆசையில் தப்பில்லை. ஆனால் நூறு ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய சுவர், சீரமைப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. காரணத்தைத் தேடிப் போனால், பழைய கட்டிடத்தைப் புதுக் கட்டிடம் மாதிரியே நடத்தியிருப்பார்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

பணம் வரும்வரை பூட்டி வைப்பது

முதல் தவறு வேலை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. கடன் கிடைக்கவில்லை, அனுமதி வரவில்லை, பங்காளிகளுக்குள் வழக்கு என்று ஏதோ ஒரு காரணம். ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்றுபோகிறது. மழைநீர்க் குழாயில் சருகும் புறா எச்சமும் அடைத்துக்கொள்கின்றன. கூரையில் விழும் தண்ணீர் குழாயை விட்டுச் சுவருக்குள் இறங்குகிறது.

இப்படி இறங்கும் தண்ணீர் முதலில் தாக்குவது மர உத்திரத்தின் முனையை, அதாவது சுவருக்குள் செருகியிருக்கும் பகுதியை. அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டை திடமாகத்தான் தெரியும். சுவரை ஒட்டிய இடத்தில் கூரான ஒரு கம்பியை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கம்பியை உள்ளே விடாது. மக்கிய மரத்தில் கம்பி எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். முழுத் தளமும் அந்தச் சில அங்குலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால், இந்தச் சோதனையை ஏன் முதல் நாளே செய்ய வேண்டும் என்பது புரியும்.

பூட்டி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வரலாற்றுக் கட்டிடங்களின் பாதுகாப்பையும் கவனிக்கும் அமெரிக்காவின் தேசியப் பூங்கா சேவை இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சாரம் இதுதான்: கூரை ஒழுகலையும் வடிகாலையும் சரிசெய்த பிறகே மூட வேண்டும்; மூடும் பலகைகளில் காற்று போகத் திறப்பு வைக்க வேண்டும்; ஒருவர் தவறாமல் வந்து உள்ளே பார்த்துவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று, காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் கிடையாது என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. தீயோ திருட்டோ நடந்த பிறகுதான் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

சிமெண்ட்

பழைய சுவருக்கு இதைவிடப் பெரிய கேடு ஒன்றைச் சொல்வது கடினம். இத்தனைக்கும் சிமெண்ட் பூசுபவர் கெட்ட எண்ணத்தில் பூசுவதில்லை. சாந்து உதிர்கிறது, இன்னும் வலுவான ஒன்றைப் போட்டால் நிற்கும் என்றுதான் நினைக்கிறார்.

பழைய செங்கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. ஈரத்தை உள்ளே வாங்கி மறுபடி வெளியே விடும். தரையிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் நனைந்த ஈரமும் செங்கற்களுக்கு இடையே சாந்து நிரம்பிய இணைப்புகள் வழியாகவே பெரும்பாலும் வெளியேறும். வெப்பத்தால் சுவர் லேசாக அசைந்தாலும் சாந்து அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். காலப்போக்கில் தேய்வதும் உதிர்வதும் சாந்துதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் செங்கல் அப்படியே இருக்கும். அதாவது சாந்து பலவீனமாக இருப்பது திட்டமிட்ட விஷயம்.

அந்த இடத்தில் கடினமான சிமெண்ட் கலவையைத் திணித்தால் ஈரம் போகும் வழி அடைபடுகிறது. ஈரம் செங்கல் வழியாக வெளியேற முயல்கிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு, செங்கல்லின் முகத்துக்குச் சற்றுப் பின்னால் படிகமாகிறது. படிகம் வளர வளர மேற்பரப்பு செதில் செதிலாகக் கழன்று விழுகிறது. இப்படிப் பழுதுபார்த்த சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். செங்கற்கள் குழிந்து உள்ளே போயிருக்கும். இணைப்பில் போட்ட சிமெண்ட் மட்டும் சட்டம் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். சிமெண்ட் ஜெயித்துவிட்டது, சுவர் தோற்றுவிட்டது. இப்போது அதை உளியால் எடுக்கப் போனால் மிச்சமிருக்கும் செங்கல்லின் ஓரமும் சேர்ந்து பெயரும்.

செய்ய வேண்டியது, பழைய சாந்தின் மாதிரியை எடுத்துச் சோதித்து, அதே தன்மையில், அல்லது இன்னும் கொஞ்சம் மென்மையாக, புதிய சாந்தைக் கலப்பது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். சுட்டெரிக்கும் வெயிலில் சீக்கிரம் காய விடக்கூடாது. ஈரச் சாக்கு போட்டுப் பாதுகாக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தப் பொறுமை பிடிக்காது. ஆகவே ஒப்பந்தம் போடும்போதே கலவையையும் கால அளவையும் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இதே தவற்றின் உடன்பிறப்புகள் இரண்டு. ஒன்று, சுவரைப் பளிச்சென்று ஆக்க மணலை வேகமாகப் பீச்சித் தேய்ப்பது. சூளையில் வெந்த செங்கல்லின் கெட்டியான மேல்தோல் அதில் போய்விடும், திரும்ப வராது. இன்னொன்று, ஓதத்தை மறைக்க நீர்புகாப் பெயிண்ட் அடிப்பது. ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்படும், அவ்வளவுதான்.

பொருள் பொருந்தாமல் போனதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஏதென்ஸில் இருக்கும் பழங்காலப் பளிங்குக் கோயிலான பார்த்தினான். கற்களை இணைக்கப் பழங்காலத்துக் கைவினைஞர்கள் வைத்த இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீரமைத்தவர்கள் ஈயக் காப்பு இல்லாத இரும்பை வைத்தார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்தது, பளிங்கு வெடித்தது. 1970-களுக்குப் பிறகு வந்தவர்கள் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு சீரமைப்பைச் சீரமைக்கவே பெருங்காலம் போனது.

என்ன வைப்பது என்று முதலிலேயே முடிவெடுப்பது

கட்டிடத்தை அளந்து பார்க்கும் முன்பே ‘இங்கே நூலகம்’, ‘இங்கே ஜிம்’ என்று முடிவாகிவிடுகிறது. வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் வைப்பார்கள். வரிசையாகப் புத்தக அடுக்குகள் நிற்கும் நூலக அறைக்கு 700 கிலோவுக்கும் மேல். குடியிருந்த மாடியில் புத்தக அடுக்கைக் கொண்டுபோய் நிறுத்த எஃகு உத்திரங்கள் வேண்டும், உத்திரத்தைத் தாங்கத் தூண்கள் வேண்டும், தூணுக்கு அடித்தளம் வேண்டும். கடைசியில் பழைய கட்டிடத்துக்குள் புதுக் கட்டிடம் ஒன்றைக் கட்டியிருப்பீர்கள்.

பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1986-ல் அருங்காட்சியகமானது. லண்டனின் பேங்க்சைடு மின் நிலையம் 2000-ல் டேட் மாடர்ன் கலைக்கூடமானது. இரண்டிலும் தூண் குறுக்கிடாத மிகப்பெரிய கூடம் முன்பே இருந்தது, அதனால் பொருந்தியது. குறுகலான, நீளமான ஒரு கடைவீட்டுக்கு அதே யோசனையைச் சொல்வது யோசிக்கச் சோம்பல் படுவது என்றுதான் நான் சொல்வேன். அருங்காட்சியகம் வாடகையும் கட்டாது.

சில பயன்பாடுகள் கட்டிடத்தையே தின்றுவிடும். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை ஏற, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், கடைவீடுகள் காலியாயின. அப்படிக் காலியானவற்றில் சிலவற்றை, உணவாக விற்கப்படும் அதன் கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்க்கும் இடமாக மாற்றினார்கள். குருவிக்கு இருட்டும் ஈரப்பதமும் வேண்டும். பழைய மரத்துக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஆகாதவையும் அவையே. 2008-ல் அந்த ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, இந்த வளர்ப்பை அங்கிருந்து அகற்ற வேண்டியதாயிற்று.

மாடியை மறப்பது

கடைத்தெருக் கட்டிடங்களில் கீழே விளக்கு எரியும், மேலே இரண்டு தளம் இருண்டு கிடக்கும். பல இடங்களில் காரணம் படிக்கட்டுதான். எப்போதோ கடையின் முகப்பை அகலமாக்க, தெருவிலிருந்து மாடிக்கு ஏறும் தனிப் படியை இடித்திருப்பார்கள். அதன்பின் கடைக்குள் நுழைந்துதான் மேலே போக முடியும். கடை சாத்தினால் மாடியும் சாத்தியது. குடியிருக்க யார் வருவார்கள்?

மாடியை மறுபடி திறக்கப் போனால் அவசரகாலத்தில் வெளியேற இரண்டாவது வழி, லிஃப்ட், தளங்களுக்கு இடையே தீத்தடுப்பு என்று விதிகள் வரிசை கட்டும். ஒரு சிறு கட்டிடத்துக்குத் தனியாக இவ்வளவும் செய்தால் கட்டுப்படியாகாது. ஒட்டி நிற்கும் இரண்டு மூன்று உரிமையாளர்கள் பேசி, ஒரே படிக்கட்டையும் லிஃப்டையும் பொதுவாக வைத்துக்கொண்டால் கணக்கு மாறும். பொறியியலைவிட அண்டை வீட்டுக்காரரோடு பேசுவதுதான் இதில் கஷ்டமான வேலை.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் முழுவதையும் இடிப்பதும் மாடியை மறந்ததன் இன்னொரு வடிவம். தெருவில் போகிறவருக்குப் பழைய கட்டிடம் மாதிரித் தெரியும். அது பாதுகாப்பு என்ற கணக்கில் வராது.

வேலை நடக்கும்போது வரும் தீ

சீரமைப்புக் காலம்தான் கட்டிடத்துக்கு மிக ஆபத்தான காலம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014-ல் எரிந்தது. அதைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோதே 2018-ல் மறுபடி, இன்னும் மோசமாக எரிந்தது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019-ல், கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டிடம் 2024-ல். மூன்று இடத்திலும் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் காரணமும் வேறாக இருக்கலாம். ஆனால் சீரமைப்பு நடக்கும் இடங்களில் சூழ்நிலை பெரும்பாலும் ஒன்றுதான். காய்ந்த மரம், திறந்து கிடக்கும் தளங்கள், தற்காலிக மின்கம்பிகள், இன்னும் இயங்காத தீயணைப்புக் கருவிகள்.

வெல்டிங், பெயிண்ட்டைச் சூடுகாட்டி உரிப்பது, தீச்சுவாலையால் தார் ஒட்டுவது போன்றவற்றை முடிந்தவரை கட்டிடத்துக்கு வெளியே செய்யச் சொல்லுங்கள். உள்ளேதான் செய்ய வேண்டும் என்றால் அன்றன்றைக்கு எழுத்து அனுமதி, பக்கத்தில் அணைப்பான், வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் காவல். பொறி பலகை இடுக்கில் புகுந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் பற்றும்.

அனுமதிக்கு முன் ஓடுவது, இல்லாததைக் கட்டுவது

அமெரிக்காவில் வருமானம் தரும் வரலாற்றுக் கட்டிடத்தைத் தகுந்த தரத்தில் சீரமைத்தால், செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் சலுகையாகக் கிடைக்கும். ஒப்புதல் வரும் முன்பே பழைய மர ஜன்னல்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் மாட்டிய உரிமையாளர் அந்தச் சலுகையை இழக்க நேரிடலாம். மற்ற நாடுகளிலும் மானியங்களுக்கு இதுபோன்ற நிபந்தனைகள் உண்டு. எதையும் தொடும் முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வையுங்கள். அப்புறம், பழைய ஜன்னலைக் கழற்றி எறியும் முன் நல்ல ஆசாரி ஒருவரிடம் காட்டுங்கள். கீழ்ச் சட்டம் மட்டும் மக்கியிருந்தால் அதை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு சேர்க்க முடியும்.

எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு: ஆர்வமிகுதி. அந்தக் கட்டிடத்தில் என்றுமே இல்லாத தூணையும் பூவேலையையும் ‘பழமை’ என்று ஒட்டுவது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964-ன் வெனிஸ் சாசனம் சொல்கிறது. பழைய புகைப்படமோ வரைபடமோ இல்லையா? சரி, எளிமையாக ஒன்றைச் செய்துவிட்டு, அது புதியது என்று தெரியும்படி விட்டுவிடலாம்.

திறப்பு விழாவோடு கணக்கை முடிப்பது

பட்ஜெட் முழுவதும் திறப்பு நாளுக்கே செலவாகிவிடும், பராமரிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. வாடகை ஒப்பந்தத்தில் மழைநீர்க் குழாயை யார், எந்த மாதம் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம், ஏசி வெளிப்பெட்டி எங்கே தொங்கலாம், அதன் தண்ணீர் எங்கே வடிய வேண்டும், பூச்சு பெயர்ந்தால் எந்தக் கலவையில் அடைக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாடகைதாரரின் கொத்தனார் ஒரு மூட்டை சிமெண்ட்டோடு வந்து நிற்பார்.