குதிரையின் வயிற்றுக்கு மூலிகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்போரின் லாயங்களில் ஓமம், சுக்கு, பெருங்காயம், வெந்தயம், பூண்டு, கற்றாழை ஆகியவற்றுள் சிலவேனும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். குதிரை தீவனத்தை மிச்சம் வைத்தாலோ, லத்தி இளகினாலோ, வயிறு உப்பினாற்போலத் தோன்றினாலோ முதலில் தேடப்படுபவை இவைதாம். இவற்றை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது சரியன்று. தாவரங்களில் உள்ள வேதிப்பொருள்கள் குதிரையின் உடலில் உண்மையாகவே வேலை செய்கின்றன. வேலை செய்கின்றன என்பதாலேயே, அளவும் முறையும் பிசகினால் தீங்கும் செய்கின்றன. வீட்டு வைத்தியத்திலிருந்தோ மாட்டுத் தொழுவத்திலிருந்தோ எடுத்த அளவை, அவ்விரண்டோடும் ஒத்துப்போகாத ஒரு குடலுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

அந்தக் குடலைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த குதிரையின் இரைப்பை ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். அவ்வளவு பெரிய உடலுக்கு அது மிகச் சிறியது. தீவனம் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அதில் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலமும் இல்லை. மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல் குதிரைக்குப் பின்குடலில், அதாவது குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரித்து ஆற்றலாக்கித் தருகின்றன. இவற்றோடு, குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தவறாக உள்ளே போன ஒன்று, முழுக் குடலையும் கடந்துதான் வெளியேற வேண்டும்.

ஆகவே முதல் தவறு, புல்லைக் குறைத்துவிட்டு மூலிகையைத் தேடுவது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம், இயன்றால் 2 சதவீதம், ஈரம் கழித்த கணக்கில் புல்லாகவும் உலர்புல்லாகவும் கிடைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் கொள்ளும் தவிடும் கொடுத்துவிட்டு இடையில் பல மணி நேரம் வெறும் வாயோடு கட்டிவைத்தால், அமிலம் தன் வேலையைச் செய்யும். அதை எந்தச் சூரணமும் ஈடுகட்டாது. வயிற்றுக்கு ஏதேனும் ஒரு தாவரத்தைக் கூடுதலாகக் கொடுக்க விரும்புவோர் முதலில் குதிரைமசாலை எண்ணிப் பார்க்கலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்க உதவுகின்றன. சவாரிக்கு முன் அதில் சிறிதளவு மெல்லக் கொடுத்தால், ஓடும்போது அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்குவதும் குறைகிறது. தவிட்டை மட்டும் அள்ளிக் கொடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு: அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால், நாளடைவில் எலும்பிலிருந்தே சுண்ணாம்பு இழுக்கப்பட்டு முக எலும்பு வீங்கும் நோய் வரக்கூடும்.

அடுத்தது, காரணம் அறியாமல் அறிகுறிக்கு மருந்திடுவது. தீவனத்தைப் பாதி மென்று உருண்டையாகத் துப்பும் குதிரைக்குச் சிக்கல் கடைவாய்ப் பல்லின் கூர்மையில் இருக்கலாம். மெலிந்து வரும் குதிரைக்குக் குடற்புழு இருக்கலாம். சேணவாரை இறுக்கும்போது காதை மடித்துக் கடிக்க வருவது இரைப்பைப் புண்ணின் அடையாளமாக இருக்கலாம். இரைப்பைப் புண்ணை உறுதியாகக் கண்டறிய நீண்ட எண்டோஸ்கோப் குழாயை உள்ளே செலுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வலிக்காகப் பல நாள் தொடர்ந்து கொடுக்கப்படும் ஃபினைல்பூட்டசோன் போன்ற மருந்துகளே இரைப்பையையும் பெருங்குடலையும் புண்ணாக்கக்கூடும்; அத்தகைய குதிரைக்கு மூலிகையைச் சேர்ப்பதைவிட, அந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதே முதல் வேலை.

கற்றாழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் இன்று மிகுந்த நம்பிக்கையோடு கொடுக்கப்படுகிறது. சோற்றுக்கற்றாழை மடலில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் தெளிந்த சோறு குளிர்ச்சியானது, வழுவழுப்பானது. தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் அப்படியன்று. அது கடும் பேதி மருந்து. அந்தப் பாலைக் காய்ச்சி உறையவைத்ததே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரை மருத்துவர்கள் குதிரைக்குப் பேதி கொடுக்க உருட்டிய மாத்திரைகளில் முதன்மைச் சரக்கு அதுவே. வயிறு குளிரட்டும் என்று மடலைத் தோலோடு நறுக்கிப் போடுபவர், தம்மை அறியாமல் குதிரைக்குப் பேதி மருந்தைத்தான் கொடுக்கிறார். சோற்றை மட்டும் எடுத்துக் கழுவிக் கொடுத்தாலும் அதன் பலனுக்கு எல்லை உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரைப்பைப் புண் உள்ள குதிரைகளில் கற்றாழைச் சோற்றையும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒமெப்ரசோல் பெற்ற குதிரைகளில் 75 சதவீதத்துக்குப் புண் ஆறியது. கற்றாழை பெற்றவற்றில் 17 சதவீதத்துக்கு மட்டுமே ஆறியது. உறுதிசெய்யப்பட்ட புண்ணுக்கு மருந்தை நிறுத்திவிட்டுக் கற்றாழையை நம்புவது குதிரையின் வலியை நீட்டிப்பதாகும் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

குதிரை விரும்பித் தின்கிறது என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வது மற்றொரு தவறு. பூண்டு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. கனடாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 கிராமுக்கு மேல் உலர்த்திய பூண்டை நாள்தோறும் தின்ற குதிரைகளுக்கு இரத்தச்சோகை ஏற்பட்டது. அந்த அளவை அவை தாமாகவே தின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது. வெந்தயத்தின் மணமும் குதிரைக்கு மிகப் பிடிக்கும். ஆனால் வாய்க்குப் பிடித்திருப்பது வேறு, குடலுக்குப் பயன்படுவது வேறு.

கைப்பிடிக் கணக்கில் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தது. எடைமேடை இல்லாவிட்டாலும் ஒரு அளவுநாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து புட்டமுனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மார்புச் சுற்றளவு 165, நீளம் 150 என்றால் எடை ஏறத்தாழ 344 கிலோ. அப்படிப்பட்ட குதிரைக்குப் பூண்டில் தீங்கு தொடங்கும் அளவு 70 கிராமுக்கும் குறைவு.

கடற்கரையிலோ மணற்பாங்கான தரையிலோ தின்னும் குதிரையின் குடலில் மணல் சேர்வது உண்மை. லத்தியைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் மணல் அடியில் தங்குவதைக் காணலாம். தங்கவில்லை என்பதால் குடலில் மணல் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. இதற்கு இசப்கோல் உமி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை உலர்ந்த தூளாக வாயில் தள்ளினால் தொண்டையிலேயே நீரை உறிஞ்சி வீங்கி அடைத்துக்கொள்ளக்கூடும். ஈரத் தீவனத்தில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பின்குடல் நுண்ணுயிர்கள் அதையும் செரிக்கப் பழகிவிடும் என்பதால், மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுக்குமாறு சொல்வார்கள். தரையில் தீவனம் போடுவதை நிறுத்தாமல் இசப்கோலுக்குச் செலவிடுவது வீண். ஆளி விதையை மிகுதியாகக் கொடுப்பவர்கள் அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அப்படியே வைக்கக் கூடாது; அந்தச் சூட்டில் சயனைடு வெளிப்படக்கூடும். நன்றாகக் கொதிக்கும் நீரில் இட்டு வேகவைக்க வேண்டும்.

மாட்டுக்குரியதைக் குதிரைக்கு வைப்பதுதான் உயிருக்கே உலைவைக்கும் தவறு. சில மாட்டுத் தீவனக் கலவைகளிலும் கோழித் தீவனத்திலும் மோனென்சின் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது; மிகச் சிறிய அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். செரிமானப் பொடியின் உறையில் சரக்குகளின் பெயர் முழுமையாக அச்சிடப்படாவிட்டால் அதை வாங்காமலிருப்பதே நல்லது. குடலைச் சுத்தம் செய்வதாக விளக்கெண்ணெய் கொடுப்பதும் வேண்டாம். அது குதிரைக் குடலைக் கடுமையாக அழற்றிக் கழிச்சலை உண்டாக்கும். ஆமணக்கு விதையோ நஞ்சு.

ஒரே நாளில் நான்கு சரக்குகளைச் சேர்த்துக் கொடுத்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று அறிய வழியில்லை. ஒவ்வொன்றாகத் தொடங்கி, 7 முதல் 14 நாள்களில் படிப்படியாக முழு அளவுக்கு வருவது நுண்ணுயிர்களுக்கும் நல்லது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சூரணத்தை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவோரும் உண்டு. வெயில் பூஞ்சை நஞ்சைப் போக்காது.

போட்டிக்குச் செல்லும் குதிரை என்றால் இயற்கைப் பொருள் என்னும் சமாதானம் எடுபடாது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகளில் சில குதிரைகளிடம் கண்டறியப்பட்டு, நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. கசகசாவில் மார்ஃபினின் தடம் உண்டு. தேயிலையில் காஃபின், கோக்கோவில் தியோபுரோமின் என ஊக்கப்பொருள்கள் உண்டு. இவை எதுவும் போட்டிக் குதிரையின் தீவனப் பெட்டிக்கு அருகில் இருக்கக் கூடாது.

கடைசியாக, வயிற்றுவலி வந்துவிட்ட குதிரைக்குக் கஷாயம் புகட்டுவது. தரையைக் குளம்பால் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வியர்ப்பது, விழுந்து புரள்வது ஆகியவை தோன்றினால் மூலிகைக்கு அங்கு இடமில்லை. தலையைத் தூக்கிப் பிடித்துப் புட்டியாலோ மூங்கில் குழாயாலோ ஊற்றும் திரவம் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சியைத் தரக்கூடும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால், வாந்தி எடுக்க இயலாத அந்த இரைப்பை ஏற்கெனவே நிரம்பி வெடிக்கும் நிலையில்கூட இருக்கலாம். கால்நடை மருத்துவர் மூக்கு வழியே குழாய் செலுத்தி முதலில் உள்ளிருப்பதை வெளியேற்றிப் பார்ப்பது அதனால்தான். தீவனத்தை அகற்றிவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தாடையின் கீழ் ஓடும் நாடியை எண்ணிச் சொல்ல வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60ஐத் தாண்டினால் நிலைமை கடுமையானது. கடைசியாக எப்போது லத்தி போட்டது, அன்றும் முந்தைய நாளும் என்னென்ன பொடி, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.