புனித பேதுருவின் திருமுகம்: மூன்று வட்டமும் முட்டைக்கருவும்

கிழக்குத் திருச்சபைகளின் புனிதப் படமான ஐகான் மரபில் புனிதரின் முகம் வரையத் தூரிகைக்கு முன்னால் கவராயம் வேண்டும். மூக்கின் நீளம்தான் அளவுகோல். நேரே பார்க்கும் புனித பேதுருவின் மார்பளவுப் படத்தை எடுத்துக்கொள்வோம்: குட்டையான சுருள் நரைமுடி, வட்டத் தாடி, கையில் திறவுகோல். பவுலுக்கு ஏறுநெற்றியும் கூர்தாடியும் உண்டு. முடியும் தாடியும் மாறினால் ஆளே மாறிவிடுவார். அழகுக்காக இவற்றில் கைவைக்க வேண்டாம்.

பலகை

20 × 25 செ.மீ. மரப்பலகை. தோல்பசையும் சாக் தூளும் கலந்த ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை 8 முறை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். அக்ரிலிக் ஜெஸ்ஸோ சரிவராது. அது ஈரத்தை நன்றாக உறிஞ்சாததால் முட்டை வண்ணம் பிடிக்காமல் உரியும்.

வட்டங்கள்

மேல்விளிம்பிலிருந்து 9.5 செ.மீ. கீழே, பலகையின் நடுவில் ஒரு புள்ளி. இது இரு கண்களுக்கிடையே மூக்கு தொடங்கும் இடம். மூக்கு 2.5 செ.மீ. என்றால், அதே ஆரத்தில் போடும் முதல் வட்டம் நெற்றியையும் கன்னங்களையும் அடக்கும். 5 செ.மீ. ஆர வட்டம் தலைமுடியின் வெளிக்கோடு, முகத்தின் கீழெல்லை. 7.5 செ.மீ. ஆர வட்டம் கழுத்துக்குழி வழியாகச் செல்லும், அதுவே ஒளிவட்டம். பலர் மூக்கு நுனியில் மையம் வைத்துவிடுவார்கள். நெற்றி சுருங்கி, ஒளிவட்டம் தோளுக்கு இறங்கிவிடும்.

ஒளிவட்டத்துக்குத் தங்கத்தாள் ஒட்டுவதானால் வண்ணத்துக்கு முன்பே ஒட்டுங்கள். பிறகு ஒட்டினால் முட்டை வண்ணத்திலும் அது ஒட்டிக்கொள்ளும். முதல் படத்துக்கு மஞ்சள் காவி போதும்.

வண்ணம்

மஞ்சள் கருவைக் காகிதத் துண்டில் உருட்டி வெள்ளைக்கருவை நீக்குங்கள். சவ்வை விரலால் பிடித்துக் குத்தி, உள்ளே இருப்பதை மட்டும் கிண்ணத்தில் வடியுங்கள். அதே அளவு தண்ணீரும் சில துளி வினிகரும் சேருங்கள். நிறமித் தூளைத் தண்ணீரில் குழைத்து, அந்த விழுதுடன் சம அளவு முட்டைக் கலவை சேர்க்க வேண்டும். தூளைக் கையாளும்போது முகக்கவசம் அவசியம். ஈய வெள்ளை நஞ்சு, டைட்டானியம் வெள்ளையே போதும்.

கண்ணாடியில் ஒரு தீற்றல் தீட்டிக் காயவிட்டு, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுருளாக உரிந்தால் பதம் சரி. தூளாக உதிர்ந்தால் முட்டை போதவில்லை. மினுமினுத்துப் பிசுபிசுத்தால் முட்டை அதிகம்.

முகம்

இருளிலிருந்து ஒளிக்குப் போவதுதான் முறை. மஞ்சள் காவியுடன் கொஞ்சம் கறுப்பு கலந்தால் ஆலிவ் பச்சை வரும். முகம் முழுக்க அதைப் பூசுங்கள். கோடுகளைக் கரும்பழுப்பில் மறுபடி வரையுங்கள். பிறகு காவியில் சிறிது செங்காவி சேர்த்து நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டில் முதல் ஒளி. அடுத்த இரண்டு அடுக்குகளிலும் வெள்ளையைக் கூட்டி, பரப்பைக் குறையுங்கள். ஒரு பக்கமிருந்து விழும் வெளிச்சமும் தரையில் நிழலும் இங்கே கிடையாது; முகமே ஒளிர வேண்டும்.

தூரிகையை நன்றாகப் பிழிந்து மெல்லிய கோடுகளாக இழுங்கள். ஈரத்தின் மேல் திரும்பத் தேய்த்தால் அடியிலுள்ள அடுக்கு பெயர்ந்து குழி விழும். அப்படி நேர்ந்தால் தொடாமல் காயவிட்டு, பச்சையிலிருந்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் கட்டுங்கள்.

கடைசியாகக் கண்ணின் வெள்ளைக் கீற்று. அதற்குப் பிறகு ஒளிவட்டத்தின் இருபுறமும் செங்காவியில் புனிதரின் பெயர். பெயர் எழுதாத படத்தை இந்த மரபு முடிந்ததாகக் கொள்வதில்லை.