கணக்கு நோட்டில் ஒரு வாரச் சமையல்

ஞாயிறு காலை தர்மபுரி உழவர் சந்தைக்குக் கிளம்பும் முன், பையனின் பழைய கணக்கு நோட்டை எடுத்து இடது பக்கம் ஏழு நாள் சமையலையும் வலது பக்கம் அதற்கு வாங்க வேண்டியதையும் எழுதிவிடுவேன். அதற்கும் முன்னால் பருப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் என்னைப் போல வீட்டில் இரண்டு கிலோ துவரம்பருப்பு இருக்கும்போதே இன்னொரு கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பீர்கள். கீரை ரெண்டு நாள் தாங்கினாலே அதிகம். அதனால் திங்கள், செவ்வாயில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், நடுவில் கத்தரி, முருங்கை, வாரக் கடைசிக்குச் சேனையும் பூசணியும். வெள்ளிக்கிழமை காலி, மிச்சம் மீதியெல்லாம் சாம்பாரில் போய்விடும். அப்புறம், தக்காளி விலையை மட்டும் வாராவாரம் ஓரத்தில் குறித்து வையுங்கள். பாலக்கோடு பக்கம் வரத்து கூடி விலை சரிகிற வாரத்தில் இரண்டு கிலோ சேர்த்து வாங்கித் தொக்கு போட்டுவிடலாம்.