சுறா பார்க்கப் பயிற்சி டைவா? உடனே ஊட்டி ஏறாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே குளிர்கடலில் ஏழு செவுள் பிளவுள்ள சுறாவைப் பார்க்க (பெரும்பாலான சுறாக்களுக்கு ஐந்துதான்) ஆசைப்பட்டு, நீலகிரியிலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கூபா பழகப் போகிறீர்களா? கவனிக்க வேண்டியது திரும்பும் பயணம்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஊட்டியில் உள்ள அளவுதான். அழுத்தம் குறைந்ததும், டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன், சோடா மூடியைத் திறந்ததுபோல் குமிழியாகிவிடலாம். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கீழேயே இருங்கள். ஞாயிறு மதியம் 2 மணிக்குக் கடைசி டைவ் முடித்து இரவு வண்டி பிடித்தால், விடிகாலை 4 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கணக்கு 14 மணி நேரம்தான். காலை 8 மணி வரை அங்கேயே தங்கிவிட்டு மலை ஏறுங்கள்.

குளிர்கடல் டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் விடுவது நல்லது. உடம்பு குளிர்ந்தால் ரத்த ஓட்டம் சுருங்கி நைட்ரஜன் மெதுவாகவே வெளியேறும். மலைக்குளிர் பழகியவர்களும் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), தலையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தை இழுத்துவிடும்.

டைவுக்குப் பிறகு தோள், முழங்கை வலித்தாலோ விரல் மரத்தாலோ மலை ஏறவே வேண்டாம். ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குப் போய், டைவ் செய்ததை முதலில் சொல்லுங்கள்.